லிஸ்பனில் என் காது பட்ட பாடு

லிஸ்பனுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஏற்கெனவே போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "மொழியப் பத்திக் கவலையே படாதே, அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்." நான்கு நாள் போய், 28-ஆம் நம்பர் டிராமில் தொங்கி, பெலெங்கில் வரிசையில் நின்று முட்டைக்கூழ் வைத்த பேஸ்ட்ரி தின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அது சரிதான். நான் ஆபீஸ் வேலையாகப் பத்து மாதம் இருந்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அந்த ஊரில் ஆங்கிலம் என்பது நம்மிடம் காசு வாங்கும் இடங்களில் மட்டும் பேசப்படுகிற ஒன்று. ஹோட்டல், உணவகம், அருங்காட்சியகம், சரி. மருந்துக்கடைவரைகூடத் தாங்கும். மாடிப்படியில் எதிரே வருகிற பக்கத்து வீட்டுக்காரர், பஸ் ஸ்டாப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தாத்தா, காலையில் குப்பை வண்டிக்குப் பின்னால் ஓடுகிற பையன் இவர்களெல்லாம் பேசுவது வேறு. அந்த "வேறு"ம் ஒரே மொழி இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கிளம்புவதற்கு முன்னால் மூன்று மாதம் போனில் ஒரு ஆப் வைத்து ராத்திரி ராத்திரி போர்த்துகீசியம் படித்தேன். நல்ல பிள்ளையாக ஒரு நாள் விடாமல். "போங் ஜீயா" என்றால் காலை வணக்கம், "லேய்ச்சி" என்றால் பால். வாயில் அழகாகப் புரண்டது, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. லிஸ்பனில் இறங்கி முதல் காபிக்கடையில் போய் "லேய்ச்சி" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "ஆ, லைத்!" என்று ஒரே கடியில் முடித்துவிட்டார். அந்த ஆப் சொல்லிக்கொடுத்தது பிரேசில் போர்த்துகீசியம். இருபது கோடிப் பேருக்கு மேல் பேசுவது அதைத்தான், ஆப் செய்கிறவன் அதைத்தானே வைப்பான். போர்ச்சுகலின் மொத்த மக்கள் தொகையே ஒரு கோடி சொச்சம்தான்.

இரண்டுக்கும் எழுத்து கிட்டத்தட்ட ஒன்று, சத்தம் வேறு. பிரேசில்காரர்கள் உயிரெழுத்தை வாயில் போட்டு மென்று ருசித்துப் பேசுவார்கள். லிஸ்பன்காரர்கள் அதை அப்படியே முழுங்கிவிடுவார்கள். மன்னிக்கணும் என்பதற்கு எழுத்தில் மூன்று அசை இருக்கிறது, காதில் விழுவது "திஷ்குல்ப்". தொலைபேசிக்குத் "த்லிஃபோன்". அசையின் கடைசியில் வரும் ஸகரம் எல்லாம் ஷகரமாகிவிடும், ஊர்ப் பெயரே "லிஷ்போவா". தூரத்தில் இருந்து கேட்டால் ரஷ்யாக்காரர்கள் சண்டை போடுவது மாதிரி இருக்கும். இதை நான் மட்டும் சொல்லவில்லை, முதல் தடவை கேட்கிற பாதிப் பேர் ரஷ்யனா போலிஷா என்றுதான் கேட்கிறார்கள். மதுரைத் தமிழ் மட்டும் கேட்டுப் பழகியவனை யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விட்டால் முதல் இரண்டு நாள் விழிப்பான் இல்லையா, அதைவிட ஒரு படி மோசம். நமக்காவது அங்கே எழுத்துகள் எல்லாம் வாயைவிட்டு வெளியே வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லிஸ்பன்காரருக்குப் பிரேசில் பேச்சு நன்றாகப் புரியும், ஏனென்றால் 1977-இல் இருந்தே அங்கே வீட்டு டிவியில் பிரேசில் தொடர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. புதிதாக வந்து இறங்குகிற பிரேசில்காரருக்கு லிஸ்பன் பேச்சு புரியாது. என் ஆபீஸில் சாவோ பாவ்லோவில் இருந்து வந்த பெண் ஒருத்தி முதல் மாதம் முழுக்க மீட்டிங்கில் என்னைப் போலவே தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். தாய்மொழியே அதுதான் என்கிறவளுக்கே அந்த நிலைமை என்றால் நான் எம்மாத்திரம் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சொற்களும் மாறும், அதில்தான் ஆபத்து. போர்ச்சுகலில் "புரொப்பீனா" என்றால் கல்லூரிக் கட்டணம். பிரேசிலில் அதே சொல்லுக்கு லஞ்சம் என்று அர்த்தம். பல்கலைக்கழகச் சுவரில் "புரொப்பீனாவைக் குறை" என்று மாணவர்கள் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ரயிலுக்கு இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல். பஸ், கழிப்பறை, செல்போன், காலைச் சாப்பாடு எல்லாம் அப்படித்தான். போர்ச்சுகலில் சாதாரணமாகப் "பெண்பிள்ளை" என்று சொல்லும் "ரப்பரீகா"வைப் பிரேசிலின் சில பகுதிகளில் சொன்னால் அடி விழும். இப்போது போர்ச்சுகலில் இருக்கும் வெளிநாட்டவரில் பிரேசில்காரர்கள்தான் அதிகம், காபிக்கடையில் பரிமாறுகிறவர் முதல் பல் டாக்டர் வரை. அதனால் ஊருக்கு வருகிறவர் காதில் முதலில் விழும் போர்த்துகீசியம் பிரேசிலுடையதாகவே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. யூடியூப் பார்த்து வளரும் லிஸ்பன் குழந்தைகளே புல்லுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பிரேசில் சொல்லைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று அங்கே பெற்றோர்கள் புலம்புகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துவிட்டு அமெரிக்க இங்கிலீஷ் பேசுகிற கதைதான்.

வீடு அரோயூஷ் பகுதியில் கிடைத்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா, எழுபதைத் தாண்டியவர், ஆங்கிலம் ஒரு சொல் கிடையாது. வாடகைச் சீட்டில் என் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த விதத்தை மறக்கவே மாட்டேன். நான் தூத்துக்குடிக்காரன், பெயரின் வால் பெர்னாண்டோ. எங்கள் ஊரில் கடற்கரைத் தெருவில் நின்று பெர்னாண்டோ என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். கோமஸ், மச்சாடோ, ரொட்ரிகோ என்று 1530-களில் போர்த்துகீசியர் கொடுத்த ஞானஸ்நானத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த பெயர்கள். ஆனால் போர்ச்சுகலில் பெர்னாண்டோ குடும்பப் பெயர் கிடையாது, அது ஆளின் பெயர். குடும்பப் பெயராக வந்தால் அங்கே ஃபெர்னாந்தெஷ். அதனால் என் சொந்தப் பெயரை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. பத்து மாதமும் நான் அந்தத் தெருவுக்குச் "சென்யோர் பெர்னாண்டோ".

அவர் வாயில் அது எப்படி வந்தது தெரியுமா? "ஃபர்னாந்து." கடைசி ஓகாரம் அந்த ஊரில் உகரமாகிவிடும், முதல் எழுத்தில் எகரம் பாதி செத்துப்போகும். எங்கள் பாட்டி கடைசி வரை "பர்னாந்து" என்றுதான் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் நாலு எழுத்து படித்துவிட்டு "பாட்டி, அது பர்னாந்து இல்ல, பெர்னாண்டோ" என்று எத்தனை தடவை திருத்தியிருப்போம். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடியும் பர்னாந்து என்பாள். கோயில் பழைய ஞானஸ்நானப் பதிவிலும் பர்னாந்துதான். நாங்கள் திருத்தியது இங்கிலீஷ்காரன் எழுத்துக்கூட்டி வாசித்ததை வைத்துக்கொண்டு. அன்றைக்கு அந்த மாடிப்படியில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அந்தச் சாவியும் போர்த்துகீசியர் சொல்தான், மேசை, சன்னல், அலமாரியோடு சேர்த்து. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்காரம்மா என்னிடம் பேசும்போது ஒருநாளும் "நீங்கள்" என்று சொன்னதில்லை. "பெர்னாண்டோ சாப்பிட்டாச்சா?" "பெர்னாண்டோவுக்குக் குளிரவில்லையா?" என்றுதான் கேட்பார், எதிரே நிற்பது நான்தான் என்றாலும் யாரோ மூன்றாவது ஆளைப் பற்றி விசாரிப்பது போல. முதலில் அவருக்கு வயதாகிவிட்டதால் இப்படி என்று நினைத்தேன். இல்லை, அந்த ஊர் மரியாதையே அப்படி. நெருங்கியவர்களுக்கு "து" உண்டு, நம் நீ மாதிரி. ஆப் சொல்லிக்கொடுத்த "வோசே" பிரேசிலில் பெரும்பாலும் பொது, போர்ச்சுகலில் வயதானவர்களிடம் சொன்னால் முகம் சுருங்கும். அப்புறம் என்னதான் சொல்வது? ஒன்று ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் "ஐயாவுக்கு", "அம்மாவுக்கு" என்று சொல்ல வேண்டும். ஆங்கிலேய நண்பன் ஒருவன் இதைப் புரிந்துகொள்ள மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டான். எனக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நம் ஊர் ஜவுளிக்கடையில் "அம்மாவுக்கு என்ன பார்க்கணும்? சாருக்கு ஒரு காபி சொல்லு" என்பதுதானே இது. நீ என்றால் மரியாதைக் குறைவு, நீங்கள் என்றால் ஒட்டாமல் நிற்கிறது, அதனால் உறவையோ பட்டத்தையோ பெயர் மாதிரி முன்னால் வைக்கிறோம். இதையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்வதில்லை, "ஒப்ரிகாது" என்றால் நன்றி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதிலும் ஆண் சொன்னால் ஒப்ரிகாது, பெண் சொன்னால் ஒப்ரிகாதா. கேட்பவர் யார் என்பது கணக்கில்லை, சொல்பவர் யார் என்பதுதான். நம்மவர்கள் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டு கடைக்காரப் பெண்ணுக்கெல்லாம் ஒப்ரிகாதா சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கிழமை விவகாரத்தில் நான் வகையாக மாட்டினேன். நாம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கோள்களை வைத்துச் சொல்கிறோம், ஐரோப்பாவில் பல மொழிகளிலும் அப்படித்தான். போர்த்துகீசியத்தில் எண்தான். திங்கள் "இரண்டாம் நாள்", செவ்வாய் "மூன்றாம் நாள்", இப்படி வெள்ளி ஆறு வரை. சனியும் ஞாயிறும் மட்டும் தனிப் பெயர். 6-ஆம் நூற்றாண்டில் பிராகா ஊர் ஆயராக இருந்த மார்ட்டின் என்பவர் பிற தெய்வங்கள் பெயரில் கிழமை கூடாது என்று மாற்றச் சொன்னதாகச் சொல்வார்கள். ஆயர் சொன்னது சரி, எனக்கு யார் சொன்னது? குளியலறைக் குழாய் ஒழுகியது. வீட்டுக்காரம்மா ஆள் "கீண்த்தா" அன்று வருவார் என்றார், அதாவது ஐந்தாவது. திங்களில் இருந்து விரல்விட்டு எண்ணி வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எண்ணிக்கை ஞாயிற்றில் தொடங்குகிறது, ஐந்தாம் நாள் வியாழன். ஆள் வியாழன் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். இன்னும் ஐந்து நாள் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தேன். கடைக் கதவில் "2 முதல் 6 வரை" என்று எழுதியிருந்தால் அது மணி கிடையாது, திங்கள் முதல் வெள்ளி. போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் சரிசெய்ய வந்தவர் உக்ரைன்காரர். 2001-இல் வந்தாராம். அந்தச் சமயத்தில் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், அதில் எஞ்சினியர்களும் டாக்டர்களும் கட்டட வேலையில் சிமென்ட் சுமந்த கதையெல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் என்னோடு போர்த்துகீசியம், போனில் மகனோடு உக்ரைனியன், குழாயோடு மட்டும் ரஷ்யன் பேசினார். குழாயிடம் பேசியது கெட்ட வார்த்தை என்று மொழி தெரியாமலே புரிந்தது.

எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிடம் இறங்கி நடந்தால் மர்த்திம் மொனீஷ். மெட்ரோவில் பச்சைத் தடத்தில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. அந்தச் சதுக்கத்தில் இருந்து மேலே ஏறுகிற பென்ஃபொர்மோசு தெருவுக்குள் நுழைந்தால் போர்ச்சுகலில் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். வங்காளம், நேபாளி, பஞ்சாபி, இந்தி, உருது, பக்கத்து வணிக வளாகத்தில் சீனம். சலூனில் கண்ணாடி முன்னால் பேச்சு வங்காளத்தில், கல்லாப்பெட்டி அருகே போர்த்துகீசியத்தில். "அமீகு, அமீகு" என்று கூப்பிடுவார்கள், நண்பா என்று அர்த்தம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வாங்க வாரா வாரம் அங்கேதான் போவேன்.

முதல் தடவை போனபோது கடைக்காரர், டாக்காவுக்குப் பக்கம் ஏதோ ஊர்க்காரர், என் முகத்தைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்தார். நான் இந்தி தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. "இந்தியாக்காரன், இந்தி தெரியாதா? நான் வங்கதேசம், எனக்கே தெரியுமே" என்று இந்தியிலேயே கேட்டார், அந்த அளவுக்கு எனக்கும் புரியும். சென்னையில், டெல்லியில், பெங்களூரு விமானநிலையத்தில் என்று எங்கெங்கோ கேட்ட கேள்வி, ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் விடவில்லையே என்று சிரிப்பு வந்துவிட்டது. இங்கிலீஷ் அவருக்குச் சுமார். கடைசியில் இரண்டு பேரும் போர்த்துகீசியத்தில் இறங்கினோம். அவருடையது தெருவில் கற்றது, என்னுடையது போனில் கற்றது, இரண்டிலும் வினைச்சொல் ஒழுங்காக வராது. "நேற்று மிளகாய் இல்லை. நாளைக்கு மிளகாய் உண்டு. நல்ல மிளகாய். என் அம்மா ஊர் மிளகாய்." லிஸ்பனில் எனக்குத் தட்டுத் தடுமாறாமல் முழுசாகப் புரிந்த முதல் போர்த்துகீசிய உரையாடல் அதுதான், எங்கள் இருவரின் பாட்டன் பூட்டனும் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆப் டாக்சியில் ஏறினாலும் இதே கதை. ஓட்டுநர்களில் நிறையப் பேர் நம் பக்கத்துக்காரர்கள். லிஸ்பன் விமானநிலையத்தில் இறங்கும் தமிழனின் காதில் முதல் மணி நேரத்தில் போர்த்துகீசியத்தைவிடப் பஞ்சாபிப் பாட்டு அதிகமாக விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதற்கு முந்தைய ஒரு இந்திய அலையும் அங்கே உண்டு, அது சத்தமில்லாமல் இருக்கும். போர்த்துகீசியர் ஆண்ட மொசாம்பிக் 1975-இல் விடுதலை அடைந்ததையொட்டி அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த குஜராத்திகள் நிறையப் பேர் லிஸ்பன் வந்து சேர்ந்தார்கள், இந்துக்களும் இஸ்மாயிலி முஸ்லிம்களும். வீட்டில் குஜராத்தி, வெளியில் அசல் லிஸ்பன் போர்த்துகீசியம். கோவாக்காரர்கள் இன்னும் பழையவர்கள். 2015-இல் இருந்து 2024 வரை பிரதமராக இருந்த அந்தோனியோ கொஸ்தாவின் அப்பா வழி கோவாதான், கொங்கணியில் அவருக்குப் "பாபுஷ்" என்று செல்லப் பெயர்கூட உண்டு.

இதையெல்லாம்விட என் காதில் அதிகம் தங்கியது வேறு ஒரு மொழி. சில வாரங்கள் எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். இருட்டோடு ரொஸ்ஸியூ ரயில் நிலையம் பக்கம் போனால் சிந்த்ரா தடத்தில் இருந்து வருகிற முதல் ரயில்கள் ஆளைக் கொட்டிக்கொண்டிருக்கும். அமதோரா, கசேங் புறநகர்ப் பக்கத்தில் இருந்து ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்க வருகிற பெண்கள். கையில் பை, காதில் போன், அந்தக் குளிரிலும் சிரிப்புச் சத்தம். பேசுவது போர்த்துகீசியம் மாதிரியே இருக்கும், ஒரு சொல் பிடிபடும், அடுத்தது நழுவிவிடும். அது கேப் வெர்டே தீவுகளின் கிரியோலு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களும் போர்த்துகீசியர்களும் அந்தத் தீவுகளில் சேர்ந்தபோது உருவான மொழி. கேப் வெர்டேயில் ஆபீஸுக்கும் பள்ளிக்கும் போர்த்துகீசியம், ஆனால் பிறந்த குழந்தை முதல் சாகிற கிழவி வரை வாயில் இருப்பது கிரியோலு.

எங்கள் தளத்தைத் துடைத்து முடித்துக் கிளம்பும் அக்காவும் நானும் காபி மெஷின் பக்கத்தில் தினமும் சந்திப்போம். ஒருநாள் "துது பெங்?" என்று லிஸ்பன் பாணியில் நலம் விசாரித்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி இல்லை, நம்ம பாஷையில் கேள்: துது த்ரேத்து?" என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாம் நேராக இருக்கிறதா என்று அர்த்தம். பதிலும் அதேதான், கேள்விக்குறி மட்டும் இருக்காது. ருசியாக இருந்தாலும் "சாபி", பாட்டு நன்றாக இருந்தாலும் "சாபி". மறுநாளில் இருந்து அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே. ஆறு மாதம் ஒரே ஆபீஸில் வேலை பார்த்த போர்த்துகீசிய நண்பர்களுக்கு அந்த அக்கா எந்த ஊர், என்ன பேசுகிறார் என்றே தெரியாது என்பது எனக்கு நெருடலாகவே இருந்தது. ஆனால் அந்த நண்பர்களின் பிள்ளைகள் வாயைத் திறந்தால் ஆப்பிரிக்காதான் வருகிறது. "ரொம்ப" என்பதற்கு இளசுகள் சொல்வது "புவே". அது அங்கோலாவின் கிம்புந்து மொழியில் இருந்து வந்தது, இப்போது அகராதியிலும் ஏறிவிட்டது. "கிளம்பு" என்பதற்குச் சொல்லும் "பஸார்", அப்பா அம்மாவைக் குறிக்கும் "கோத்தா" எல்லாம் அதே வழியில் வந்தவை.

ரொஸ்ஸியூவுக்குப் பக்கத்திலேயே சாங் தொமிங்குஷ் என்றொரு சின்ன சதுக்கம். சாயங்காலம் ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் இருந்து வந்த பெரியவர்கள் அங்கே கூடுவார்கள், அவர்கள் பேசும் கிரியோல் வேறு ரகம். ஒரு பக்கம் பெண்கள் தரையில் துணி விரித்து வறுத்த கடலை, கோலாக் கொட்டை விற்பார்கள். 1506-இல் இந்த இடத்தில் தொடங்கிய கலவரத்தில்தான் யூதப் பின்னணி உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இப்போது அதற்கு ஒரு நினைவுக்கல்லும், "லிஸ்பன், சகிப்பின் நகரம்" என்று 34 மொழிகளில் எழுதிய சுவரும் இருக்கிறது. அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிற பயணிகளில் எத்தனை பேர் அந்தச் சுவருக்கு முன்னாலேயே பேசப்படும் மொழியைக் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நானும் இரண்டாம் தடவைதான் கவனித்தேன், பொய் சொல்லக் கூடாது.

ஸ்பானிஷ் பற்றி ஒரு வரி. தெரிந்தால் பேசுங்கள், புரிந்துகொள்வார்கள், ஆனால் "போர்த்துகீசியமும் ஸ்பானிஷும் ஒன்றுதானே" என்று மட்டும் வாயைவிடாதீர்கள். மலையாளி முன்னால் "மலையாளம் தமிழ்தானே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? அதே முகம்தான் கிடைக்கும். மிராந்தேஷ் என்று இன்னொரு மொழி நாட்டின் வடகிழக்கு மூலையில் உண்டு, 1999-இல் சட்டப்படி அங்கீகாரமும் கொடுத்தார்கள், லிஸ்பன் தெருவில் அது காதில் விழாது.

ஜனவரியில் எனக்குச் சளி பிடித்துக் காய்ச்சலில் கிடந்தேன். லிஸ்பனில் பனி கிடையாது, குளிர் கம்மி என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பல வீடுகளில் வெப்பமூட்டி கிடையாது, வெளியில் இருப்பதைவிட உள்ளே அதிகமாக நடுங்குவோம். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி ஒரு பாத்திரத்தை நீட்டி "கஞ்ஜா" என்றார். எழுபது வயது அம்மா, மூடிய பாத்திரம், காய்ச்சலில் கிடக்கும் நான். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. மூடியைத் திறந்தால் கோழிச் சாற்றில் வெந்த அரிசி, மேலே பிய்த்துப் போட்ட கோழிக்கறி, இரண்டு புதினா இலை. கஞ்சி! நம் கஞ்சியேதான். மலையாளக் கரையிலும் தமிழ்க் கரையிலும் கேட்டு எடுத்துப்போன சொல், நூற்றாண்டுகளாக அவர்கள் வீட்டில் நோயாளிக்குக் கொடுக்கிற சாப்பாட்டின் பெயராக இருக்கிறது. ஒரு வேலை ரொம்பச் சுலபம் என்றால் "எ கஞ்ஜா" என்பார்கள், நாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று சொல்வது போல. மாம்பழத்துக்கு அவர்கள் சொல்லும் "மங்கா"வும் குழம்புக்குச் சொல்லும் "கரில்"உம் நம் கரையில் இருந்து போனவைதான். 1554-இல் இதே லிஸ்பனில் தமிழ் ஜெபங்களைப் போர்த்துகீசியத்தோடு சேர்த்து ஒரு புத்தகமாக அச்சடித்திருக்கிறார்கள், தமிழ் எழுத்துக்கு அச்சு இல்லாததால் ரோமன் எழுத்தில். இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் புத்தகம் என்று சொல்லப்படுவது அதுதான். அந்தப் பாத்திரத்தை வழித்துத் தின்றுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு "இங்கேயும் கஞ்சிதான் குடிச்சேன்" என்றேன். அவள் நான் காசில்லாமல் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் போனை எடுத்தால் ஹலோ கிடையாது. "ஷ்தோ?" என்பார்கள், அவசரத்தில் அது வெறும் "தோ?" ஆகிவிடும். "இருக்கிறேன்" என்று அர்த்தம், அதையும் கேள்வியாகச் சொல்வார்கள். இருக்கிறேனா? பஸ்ஸில் வரிசையாகப் பத்துப் பேர் போனை எடுத்து இருக்கிறேனா, இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டே வருவது முதலில் சிரிப்பாக இருந்தது, மூன்றாம் மாதம் நானும் அப்படித்தான் எடுத்தேன்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், தூத்துக்குடி வீட்டு முற்றத்தில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், போன் அடித்தது. பழக்கத்தில் "தோ?" என்று எடுத்தேன். வீட்டுக்காரம்மாதான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் போல, முற்றம் முழுக்கக் கேட்டது. பர்னாந்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாச்சா, பர்னாந்து சாப்பிடுகிறதா, பர்னாந்துவின் அம்மா சுகமா என்று வரிசையாக விசாரித்துவிட்டு, குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஆள் ஐந்தாம் நாள் வருவார் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தார்.

அம்மா அரிவாள்மனையில் இருந்து தலையைத் தூக்கினாள். "யாருல அது? உங்க பாட்டி மாதிரியே பர்னாந்துங்காங்க. அப்பாவையா கேக்காங்க?"